சந்தா தளமும் வந்து சேராத பணமும்: நீலகிரியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரி, குன்னூர், கூடலூர் பக்கம் படம் வரைபவர்கள், பறவைகளைப் படமெடுப்பவர்கள், படுகப் பாட்டுகளைப் பதிவு செய்பவர்கள், தோடர் பூத்தையலைக் காணொளியில் கற்றுத் தருபவர்கள் எனப் பலர் இப்போது மாதச் சந்தா தளங்களில் பக்கம் வைத்திருக்கிறார்கள். பச்சைத் தேயிலை விலை விழுந்து, சீசன் கூட்டமும் இறங்கிப்போன மாதங்களில் இந்தச் சிறு வரவுதான் பல வீடுகளில் மளிகைக் கடன் அடைக்கிறது. அது நின்றுபோனால் எவ்வளவு பதற்றம் வரும் என்பதை அருகில் இருந்து பார்க்கிறேன். பதற்றத்தில் வி.பி.என். (நாம் இருக்கும் இடத்தை மறைத்து வேறு நாடு போலக் காட்டும் செயலி) போடுகிறார்கள், உறவினர் பெயரில் கணக்குத் திறக்கிறார்கள், இருந்த கணக்கையும் இழக்கிறார்கள்.

தடை நான்கு இடங்களில் விழலாம். அரசு ஆணைப்படி இணைய நிறுவனம் தடுக்கலாம். தளமே உங்கள் நாட்டைத் தவிர்க்கலாம். நடுவில் பணத்தைக் கொண்டுசேர்க்கும் நிறுவனம் மறுக்கலாம். உங்கள் வங்கி மறுக்கலாம். ஒவ்வொன்றுக்கும் தீர்வு வேறு. எங்கே விழுந்தது என்று கண்டுபிடித்த பிறகே கை வைக்க வேண்டும் என்பதுதான் கீழே உள்ள பதில்கள் எல்லாவற்றுக்கும் அடிப்படை.

தளம் திறக்கவே இல்லை. அரசு முடக்கிவிட்டதா?

வேறொரு இணைப்பில் திறந்து பாருங்கள். வீட்டு வைஃபையில் திறக்கவில்லை என்றால் கைபேசி டேட்டாவில். ஜியோவில் திறக்கவில்லை என்றால் பக்கத்து வீட்டு பி.எஸ்.என்.எல். இணைப்பில். முடக்க ஆணை மத்திய அரசிடமிருந்து வந்தாலும் அதை நிறைவேற்றுவது அந்தந்த இணைய நிறுவனம். ஒரு நிறுவனம் தளத்தின் பெயரைத் தேடும் கட்டத்திலேயே மறிக்கும், இன்னொன்று இணைப்பு ஏற்படும் கட்டத்தில் மறிக்கும். ஒன்றில் திறக்காதது இன்னொன்றில் திறப்பது அதனால்தான். எந்த இணைப்பிலும் திறக்காமல், வெளிநாட்டு நண்பருக்கு மட்டும் திறந்தால் இந்தியா முழுவதுக்குமான தடை என்று சந்தேகிக்கலாம். அவருக்கும் திறக்கவில்லை என்றால் தளமே படுத்திருக்கிறது, பொறுத்திருங்கள்.

திரையில் வரும் எண்ணையும் கவனியுங்கள். 403 என்றால் பெரும்பாலும் தளத்தின் சர்வரே உங்களை உள்ளே விட மறுக்கிறது. 451 என்றால் சட்டக் காரணத்தால் காட்ட முடியாது என்று பொருள். அதற்காகவே 2016இல் உருவாக்கப்பட்ட எண் அது. கைபேசி டேட்டாவில் 403 வந்தால் உடனே பயப்பட வேண்டாம். நிறுவனங்கள் ஒரே இணைய முகவரியை ஏராளமான வாடிக்கையாளர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கின்றன. அதில் யாரோ ஒருவர் செய்த தொல்லைக்காகத் தளம் அந்த முகவரியையே நிறுத்தி வைத்திருக்கலாம். விமானப் பயன்முறையைப் போட்டு எடுத்தால் பெரும்பாலும் வேறு முகவரி கிடைத்துவிடும்.

நீலகிரி மாவட்டத்துக்கு மட்டும் ஒரு தளத்தைத் தடை செய்வார்களா?

ஒரு தளத்தை முடக்கும் மத்திய ஆணை நாடு முழுவதுக்கும் பொருந்தும், மாவட்டவாரியாக வருவதில்லை. பதற்றமான நேரத்தில் ஒரு பகுதியில் இணையத்தையே நிறுத்துவது வேறு சட்டம், வேறு ஆணை. பந்தலூர், எருமாடு பக்கம் கைபேசி கேரளக் கோபுரத்தைப் பிடித்தாலும் அதனால் சந்தா தளத்துக்கு எந்த வேறுபாடும் இல்லை. அது பார்ப்பது நாட்டைத்தான்.

எந்தச் சட்டப்படி முடக்குகிறார்கள்? நமக்குக் காரணம் சொல்வார்களா?

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவும் அதன்கீழ் வந்த 2009ஆம் ஆண்டு விதிகளும்தான் முதன்மையானவை. நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, அயல்நாட்டு உறவு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களுக்கு மட்டுமே அதைப் பயன்படுத்தலாம். 2015இல் உச்ச நீதிமன்றம், இணையத்தில் எழுதியதற்காகத் தண்டிக்க இடம் தந்த 66ஏ பிரிவைத் தூக்கியெறிந்தபோதும் 69ஏ பிரிவை நிலைநிறுத்தியது. விசாரணை உண்டு, காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும் என்ற பாதுகாப்புகள் இருப்பதை அதற்குக் காரணமாகச் சொன்னது. ஆனால் அதே விதிகளின் 16ஆம் விதி எல்லாவற்றையும் ரகசியமாக வைக்கச் சொல்கிறது. பணம் கட்டிய சந்தாதாரருக்குத் தன் தளம் ஏன் போனது என்று கேட்டால் பதில் கிடைக்காத நிலை இப்படித்தான் வருகிறது. இது அநியாயம் என்றே நினைக்கிறேன்.

ஆணைகள் வலைவீச்சாக விழுவதும் உண்டு. 2014 டிசம்பரில் 32 தளங்களை முடக்கியபோது, காணொளிக் கலைஞர்கள் பயன்படுத்தும் விமியோவும் மென்பொருள் எழுதுபவர்களின் கிட்ஹப்பும் அதில் சிக்கின. அரசு மட்டுமல்ல, நீதிமன்ற ஆணையாலும் தளம் போகலாம். 2017 ஆகஸ்டில் திரைப்படத் திருட்டுப் பதிப்பைத் தடுக்கச் சென்னை உயர் நீதிமன்றம் தந்த ஆணையில் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற பெரும் நூலகமே இந்தியாவில் திறக்காமல் போனது.

நீதிமன்றம் போய் மீண்டதும் உண்டு. 2025 பிப்ரவரியில் ஒரு கேலிச்சித்திரத்துக்காக விகடன் இணையதளம் முடக்கப்பட்டது. கட்டணம் கட்டிய வாசகர்களும் படிக்க முடியவில்லை. மார்ச் 6 அன்று சென்னை உயர் நீதிமன்றம், அந்தச் சித்திரம் உள்ள பக்கத்தை மட்டும் தற்காலிகமாக எடுத்துவிட்டால் முழுத் தளத்தையும் திறந்துவிட வேண்டும் என்றது. ஒரு பக்கத்தில் பிரச்சினை என்றால் முழுத் தளத்தையும் பூட்டுவது ஏன் என்ற கேள்வியை, சிறிய பக்கம் வைத்திருக்கும் நாமும் கேட்கலாம்.

வெளிநாட்டு ஓவியர் ஒருவருக்கு மாதம் 5 டாலர் கட்டுகிறேன். முதல் மாதம் போனது, இரண்டாம் மாதம் மறுக்கப்பட்டது. அட்டையில் பணம் இருக்கிறதே, அக்கா?

இருக்கும். மறுத்தது உங்கள் வங்கி. அதற்கு விதி இருக்கிறது.

அட்டையில் இருந்து மாதாமாதம் தானாகப் பிடிக்கும் கட்டணங்களுக்கு ரிசர்வ் வங்கி வகுத்த முறை 2021 அக்டோபர் 1 முதல் கட்டாயமானது. முதல் தடவை ஓடிபி கொடுத்து நீங்கள் சம்மதத்தைப் பதிவு செய்ய வேண்டும். பிறகு ஒவ்வொரு முறையும் பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே வங்கி உங்களுக்குச் செய்தி அனுப்ப வேண்டும். வேண்டாம் என்றால் அதிலேயே நிறுத்தலாம். ஓடிபி இல்லாமல் பிடிக்கக்கூடிய உச்சவரம்பு முதலில் ரூ.2,000, பிறகு ரூ.5,000, 2022 ஜூன் முதல் ரூ.15,000. வெளிநாட்டு வணிகருக்கும் இதே விதிதான்.

நல்ல விதி. மறந்துபோன சந்தாக்கள் வருடக்கணக்கில் பணத்தை உறிஞ்சுவதை இது தடுத்தது. சிக்கல் என்னவென்றால், இந்த முறை நடக்க வணிகரின் பக்கமும் வங்கியின் பக்கமும் ஒரே ஏற்பாட்டில் இணைந்திருக்க வேண்டும். வெளிநாட்டுச் சிறு தளங்கள் பல அதில் சேரவே இல்லை. முதல் கட்டணம் சாதாரணக் கொள்முதல் போல நழுவிச் செல்கிறது. இரண்டாவது மாதம் "தானியங்கிக் கட்டணம்" என்ற முத்திரையோடு வருகிறது. பதிவு செய்த சம்மதம் இல்லை. வங்கி திருப்பி அனுப்பிவிடுகிறது.

வழி என்ன? ஆண்டுச் சந்தா இருந்தால் ஒரே தடவையாகக் கட்டிவிடுங்கள். அல்லது ஒவ்வொரு மாதமும் நீங்களே உள்ளே போய்க் கையால் கட்டுங்கள். வங்கியின் செயலியில் நிலை உத்தரவுகள் என்ற பகுதியைத் திறந்து அந்தத் தளத்தின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே இல்லை என்றால் அடுத்த மாதமும் இதுதான் நடக்கும். ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: செயலிக்குள் சந்தா கட்டினால் ஆப்பிளின் பங்கு 30 சதவீதம் வரை சேர்ந்து விலை ஏறக்கூடும். பிரவுசரில் கட்டுங்கள்.

நீங்கள் பணம் வாங்கும் பக்கத்தில் இருந்தால், இந்தியச் சந்தாதாரர்கள் இரண்டாம் மாதம் காணாமல் போவதை உங்கள் படைப்பின் குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். பணம் மறுக்கப்பட்டது தெரியாமலே இருப்பவர்கள் அதில் பலர்.

ஓடிபி வருவதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது. என்ன செய்வது?

கீழ்க்கோத்தகிரி, சோலூர்மட்டம் பக்கம் இருப்பவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி. மழை நாளில் அங்கே ஒரு வீட்டில் நடப்பதைப் பார்த்திருக்கிறேன். வைஃபை வழியாகத் தளம் திறந்திருக்கிறது, அட்டை எண் போட்டாயிற்று, திரையில் நொடிகள் இறங்குகின்றன. கைபேசியில் சிக்னல் கோடு ஒன்றுகூட இல்லை. அந்தப் பெண் கைபேசியைத் தூக்கிக்கொண்டு தேயிலைச் சரிவில் மேல் வளைவு வரை ஏறி, ஆறு எண்களையும் மனதில் ஓட்டிக்கொண்டே கீழே ஓடி வருகிறாள். வந்து சேரும்போது பக்கம் காலாவதியாகிவிடுகிறது. மூன்று முறை இப்படி ஆனால் சில வங்கிகள் அட்டையை அன்றைக்கு நிறுத்தியும் வைக்கும்.

கைபேசி அமைப்பில் வைஃபை அழைப்பு என்ற வசதி இருந்தால் அதைப் போட்டு வையுங்கள். பல கைபேசிகளில் குறுஞ்செய்தியும் வைஃபை வழியே வந்துவிடும். ஓடிபியை மின்னஞ்சலுக்கும் அனுப்பும் வங்கிகள் இருக்கின்றன. கிளையில் எழுதிக் கொடுத்தால் போதும். வங்கிச் செயலியிலேயே ஒப்புதல் தரும் வசதி இருந்தால் அது இன்னும் நல்லது. குறுஞ்செய்தி ஓடிபியை மட்டுமே நம்பியிருக்க வேண்டியதில்லை என்று ரிசர்வ் வங்கியின் 2025 செப்டம்பர் வழிகாட்டுதல்கள் வழிவிட்டிருக்கின்றன; அவை நடைமுறைக்கு வரும் நாள் 2026 ஏப்ரல் 1. உங்கள் வங்கியிடம் இதைச் சொல்லியே கேளுங்கள். மலையில் இருப்பவர்கள் கேட்காவிட்டால் சமவெளியில் இருப்பவர்களுக்கு இது ஒரு பிரச்சினை என்றே தெரியாது.

என் அட்டையை எந்த வெளிநாட்டுத் தளமும் ஏற்பதில்லை.

2020 மார்ச் முதல் புதிதாகத் தரும் அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாடும் இணையப் பயன்பாடும் அணைக்கப்பட்டே வருகின்றன. வங்கிச் செயலியில் நீங்கள் போய் இயக்க வேண்டும். ரூபே அட்டை என்றால் பல வெளிநாட்டுத் தளங்கள் ஏற்காது. விசா அல்லது மாஸ்டர்கார்டு கேட்டு வாங்குங்கள். கட்டி முடித்ததும் வெளிநாட்டுப் பயன்பாட்டை மறுபடி அணைத்துவிடுவது நல்ல பழக்கம்.

வெளிநாட்டு வாசகர்களிடம் சந்தா வாங்க எந்தத் தளம் சரியாக வரும்?

தளத்தின் அழகைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். அது உங்களுக்குப் பணத்தை எந்த வழியில் தரும் என்பதைப் பாருங்கள்.

மின்னஞ்சல் மடல் தளமான சப்ஸ்டாக், கட்டணச் சந்தாவை ஸ்ட்ரைப் என்ற பணவழி நிறுவனம் மூலம் மட்டுமே வசூலிக்கிறது. ஸ்ட்ரைப் இந்தியாவில் 2024 முதல் அழைப்பு பெற்றவர்களுக்கு மட்டுமே புதுக் கணக்குத் தருகிறது. ஆகவே எழுத்தாளர் ஒருவர் இன்று உதகையில் உட்கார்ந்து அங்கே இலவச மடல் நடத்தலாம். கட்டணச் சந்தா என்று வரும்போது சுவரில் முட்டிக்கொள்வார். கோ-ஃபை தளத்தில் பேபால், ஸ்ட்ரைப் இரண்டில் ஒன்றை இணைக்கலாம். பேட்ரியான் தளத்தில் இந்தியாவில் இருப்பவர்கள் பேபால் அல்லது பேயோனீர் வழியாகப் பணம் பெறுகிறார்கள். 2025 ஆகஸ்ட் 4க்குப் பிறகு அங்கே பக்கம் தொடங்குபவர்களிடம் தளக் கட்டணம் 10 சதவீதம். பணத்தைக் கொண்டுசேர்க்கும் செலவும் நாணய மாற்றுச் செலவும் தனி. யூடியூப் நேராக நம் வங்கிக் கணக்குக்கு அனுப்புகிறது. 100 டாலர் சேர வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுச் சந்தா விலையை வையுங்கள். ஒரு டாலர் சந்தா வைத்தால், ஒவ்வொரு தடவையும் பிடிக்கப்படும் நிலையான கட்டணத்திலேயே அதில் கணிசமான பகுதி போய்விடும்.

பேபால் பணம் தானாகவே வங்கிக்குப் போய்விடுகிறது. அங்கேயே வைத்திருக்க முடியாதா?

முடியாது. இந்தியக் கணக்கில் வெளிநாட்டில் இருந்து வரும் பணத்தைப் பேபாலிலேயே வைத்துச் செலவழிக்க விதி இடம் தருவதில்லை. அதனால் தினமும் வங்கிக்குத் தள்ளிவிடுகிறார்கள். நண்பர்களுக்கிடையே அனுப்பும் வகையும் இந்தியக் கணக்குக்கு இல்லை. எல்லாம் பொருள் அல்லது சேவைக்கான பணமாகவே வரும். 2021 ஏப்ரல் 1 முதல் இந்தியாவுக்குள்ளான பேபால் பரிமாற்றமும் நின்றுவிட்டது. எனவே சென்னை வாசகர் உங்களுக்குப் பேபாலில் அனுப்ப முடியாது.

கணக்குத் திறக்கும்போது பான் எண்ணும் நோக்கக் குறியீடும் கேட்பார்கள். அந்தக் குறியீட்டை அலட்சியமாகத் தேர்ந்தெடுப்பவர்களே அதிகம். பணம் எதற்காக நாட்டுக்குள் வருகிறது என்று ரிசர்வ் வங்கிக்கு நீங்கள் தரும் வாக்குமூலம் அது. பறவைப் படமும் காணொளியும் விற்பவர் அதற்குரிய சேவைக் குறியீட்டைப் போட வேண்டும். பட்டியலில் முதலில் தெரிந்தது என்று மென்பொருள் ஆலோசனையைப் போடக்கூடாது. மாதாமாதம் கிடைக்கும் வெளிநாட்டுப் பண வரவுச் சான்றைப் பதிவிறக்கி ஒரு கோப்பில் வையுங்கள். வருமான வரிக்கும் ஜிஎஸ்டிக்கும் வங்கிக் கேள்விக்கும் அந்த ஒரு தாள்தான் பதில் சொல்லும்.

கனடாவில் சித்தப்பா மகன் இருக்கிறான். அவன் பெயரில் கணக்கு வைத்து அவனை அனுப்பச் சொன்னால் எல்லாத் தளமும் திறக்குமே?

திறக்கும். ஆனாலும் வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

அந்தப் பணம் சட்டத்தின் கண்ணில் அவனுடைய வருமானம். அங்கே அவன் வரி கட்ட வேண்டும். உங்களுக்கு அவன் அனுப்புவது குடும்பப் பராமரிப்பு என்ற குறியீட்டில் இங்கே வந்து சேரும். உண்மையில் அது உங்கள் தொழில் வருமானம். வருமானம் வளர்ந்து ஒரு நாள் வருமான வரித் துறை கேட்டால் இருவருமே பதில் சொல்ல முடியாமல் நிற்பீர்கள். அதைவிட முதலில் நடப்பது வேறு. தளம் திடீரென அடையாளச் சான்று கேட்கும். கணக்கு அவன் பெயரில். படைப்பும் குரலும் முகமும் உங்களுடையவை. உள்நுழையும் இடம் கோத்தகிரி. கணக்கைப் பூட்டிவிடுவார்கள். பல வருடம் சேர்த்த வாசகர்கள் ஒரே நாளில் கைவிட்டுப் போவார்கள். பங்காளிகளுக்குள் மனக்கசப்பும் மிஞ்சும்.

சிங்கப்பூரின் பேநவ் முறையை நம் யுபிஐயோடு 2023 பிப்ரவரியில் இணைத்தார்களே, அதில் வாங்கலாமா என்றும் கேட்கிறார்கள். அது தனிநபர்கள் தம் மக்களுக்குப் பணம் அனுப்ப வந்த வசதி. சந்தா வசூலுக்கு ஏற்றதல்ல.

சந்தா என்று போடாமல் "நன்கொடை" என்று போட்டால் எளிதாக இருக்குமா?

எளிதாக இருக்காது, ஆபத்தாக இருக்கும். இந்தக் கேள்வியைக் கேட்காமலே நன்கொடைப் பொத்தான் வைத்திருப்பவர்களை நினைத்துத்தான் எனக்குக் கவலை.

வெளிநாட்டில் இருந்து வரும் நன்கொடைக்கு வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், 2010 இருக்கிறது. சேவைக்கோ பொருளுக்கோ தொழில்முறையில் பெறும் கட்டணம் அந்தச் சட்டத்தில் பங்களிப்பாகக் கருதப்படாது. ஆகவே மாதம் இரண்டு தையல் பாடக் காணொளி, ஒரு வடிவ வரைபடம் என்று கொடுத்துவிட்டு அதற்குச் சந்தா வாங்கும் தோடர் பெண் எந்தச் சிக்கலும் இல்லாமல் இருக்கலாம். அதே வேலையை ஒரு மகளிர் சங்கம் "எங்கள் கலையைக் காப்பாற்ற உதவுங்கள்" என்று பொதுவாகக் கேட்டு வெளிநாட்டுப் பணம் வாங்கினால், உள்துறை அமைச்சகத்தின் பதிவோ முன்அனுமதியோ தேவை. பதிவு பெற்றவர்களும் 2020 திருத்தத்துக்குப் பிறகு புதுதில்லியில் உள்ள ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் தனிக் கணக்கு வைத்தே முதலில் பணம் பெற வேண்டும்.

சிலர் நன்கொடையே வாங்கக் கூடாது. சட்டத்தின் 3ஆம் பிரிவு தேர்தல் வேட்பாளர், அரசு ஊழியர், பதிவு பெற்ற செய்தித்தாளின் நிருபர், பத்தி எழுத்தாளர், ஆசிரியர், கேலிச்சித்திரக்காரர் என்று பெயர் சொல்லியே தடுக்கிறது. ஒரு நாளிதழுக்குச் சித்திரம் போட்டுக்கொண்டு, இன்னொரு பக்கம் தன் சந்தா தளத்தில் "ஆதரவு தாருங்கள்" என்று எழுதி வைத்திருக்கும் இளைஞருக்கு இது தெரியாமல் இருக்கலாம். அந்த வரியை மாற்றி, என்ன தருகிறீர்கள், அதற்கு என்ன விலை என்று தெளிவாக எழுதுங்கள். அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்தால் பக்கம் தொடங்கும் முன் துறை அனுமதியும் வாங்குங்கள்.

தோடர் பூத்தையலுக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வெளியூரில் இருந்து வந்து அதைப் படமெடுத்துத் தன் பக்கத்தில் சந்தா வசூலிப்பவர்களுக்கு என் வேண்டுகோள்: தைப்பவரின் பெயரைப் போடுங்கள், பங்கைக் கொடுங்கள், எழுத்தில் ஒப்பந்தம் வையுங்கள்.

ரஷ்யாவில் இருந்து ஒருவர் என் நீலகிரிப் பறவைப் படங்களுக்குச் சந்தா கட்டிவந்தார். 2022இல் நின்றுவிட்டது. என் பக்கத்தில் கோளாறா?

இல்லை. 2022 மார்ச்சில் விசாவும் மாஸ்டர்கார்டும் ரஷ்யாவில் சேவையை நிறுத்தின. அங்கே தரப்பட்ட அட்டைகள் வெளிநாட்டில் செல்லாமல் போயின. பேபாலும் அதே மாதம் வெளியேறியது. ஈரான், கியூபா, வட கொரியா போன்ற நாடுகளில் இருப்பவர்களிடமும் அமெரிக்கப் பொருளாதாரத் தடை காரணமாக அமெரிக்கத் தளங்கள் பணம் வாங்குவதில்லை. அந்த வாசகர் மேல் குற்றமில்லை. அவருக்குப் படங்களைத் தொடர்ந்து அனுப்ப மனமிருந்தால் இலவசமாக அனுப்புங்கள். குறுக்கு வழியில் பணம் வாங்க முயலாதீர்கள்.

வி.பி.என். போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்களே?

இந்தியாவில் வி.பி.என். பயன்படுத்துவது பொதுவாகக் குற்றம் இல்லை. 2022 ஏப்ரலில் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன், வி.பி.என். நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரங்களை ஐந்து ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று ஆணையிட்டதும் சில பெரிய நிறுவனங்கள் தம் சர்வர்களை இந்தியாவில் இருந்து எடுத்துவிட்டன, அவ்வளவுதான்.

படிப்பது வேறு, பணம் வாங்குவது வேறு. பணக் கணக்கு வைத்திருக்கும் தளத்தில் காலையில் நெதர்லாந்து, மாலையில் அமெரிக்கா என்று உள்நுழைந்தால் திருட்டு என்று சந்தேகித்துக் கணக்கை நிறுத்திவைப்பார்கள். வங்கி மறுத்ததையோ ஸ்ட்ரைப் இந்தியாவில் கணக்குத் தராததையோ வி.பி.என். மாற்றாது. அது இடத்தை மறைக்கும். உங்கள் பான் எண்ணையும் வங்கிக் கணக்கையும் மாற்றிவிடாது.

சட்டத்துக்கு உட்பட்டே நடக்கிறேன். ஆனாலும் தளம் என் பக்கத்தை மூட முடியுமா?

முடியும். தளத்துக்கு மேலே கார்டு நிறுவனங்கள் இருக்கின்றன. 2010 டிசம்பரில், அரசுகளின் ரகசிய ஆவணங்களை வெளியிட்ட விக்கிலீக்ஸுக்கு விசா, மாஸ்டர்கார்டு, பேபால் மூன்றும் பணவழியை மூடின. அதற்கு எந்த நீதிமன்றத் தீர்ப்பும் இல்லை. 2021 ஆகஸ்டில் ஒன்லிஃபேன்ஸ் தளம் வங்கிகளின் நெருக்கடியால் பாலியல் உள்ளடக்கத்தை நிறுத்துவதாக அறிவித்து, ஒரு வாரத்துக்குள் பின்வாங்கியது. 2025 ஜூலையில் இட்ச் என்ற விளையாட்டுத் தளம் பணவழி நிறுவனங்களின் அழுத்தத்தால் ஏராளமான படைப்புகளைத் தேடலில் இருந்தே எடுத்தது; யாருக்கும் முன்னறிவிப்பு இல்லை.

இதில் நம்மால் செய்யக்கூடியது ஒன்று: வாசகர்களின் மின்னஞ்சல் பட்டியலை அவர்களின் சம்மதத்தோடு உங்களிடமும் வைத்திருங்கள். மாதம் ஒருமுறை தளத்தில் இருந்து பதிவிறக்குங்கள். மூலப் படங்களும் ஒலிப்பதிவுகளும் வீட்டில் ஒரு வன்வட்டில் (ஹார்ட் டிஸ்க்) இருக்கட்டும். ஈரம் ஏறும் ஊர் இது. வட்டைக் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.

வயதுவந்தோருக்கான படங்களை வெளிநாட்டுத் தளத்தில் விற்றால் இந்தியச் சட்டம் தொடுமா?

தொடும். தளம் இங்கே திறக்கிறது என்பது அனுமதி ஆகாது. வெளிப்படையான பாலியல் காட்சிகளை மின்னணு வடிவில் வெளியிடுவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஏ பிரிவின்படி முதல் குற்றத்துக்கே ஐந்து ஆண்டு வரை சிறையும் ரூ.10 லட்சம் வரை அபராதமும் தரக்கூடியது. யாரேனும் உங்களை இதற்கு வற்புறுத்தினாலோ உங்கள் படத்தை உங்களுக்குத் தெரியாமல் ஏற்றினாலோ 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். தவறு உங்களுடையது அல்ல.

கிரிப்டோவில் வாங்கலாமா?

நான் பரிந்துரைக்க மாட்டேன். லாபத்துக்கு 30 சதவீத வரி, விற்கும்போது 1 சதவீதப் பிடித்தம், நட்டத்தை வேறெதிலும் ஈடுகட்ட முடியாது.

நம் ஊர்க்காரர்களிடம், தமிழ்நாட்டு வாசகர்களிடம் வாங்க எளிய வழி எது?

யுபிஐதான். 2020 ஜூலையில் வந்த யுபிஐ ஆட்டோபே வழியாக மாதச் சந்தாவைத் தானாகப் பிடிக்கலாம், ரூ.15,000 வரை ஒவ்வொரு முறையும் பின் எண் தேவையில்லை. அதற்கு ஓர் இந்தியப் பணவழி நிறுவனத்தில் வணிகராகப் பதிவு செய்ய வேண்டும். பத்து இருபது வாசகர்தான் என்றால் அதுகூட வேண்டாம், மாதத் தொடக்கத்தில் க்யூஆர் குறியை அனுப்பினால் போதும்.

பலருக்குத் தெரியாத ஒன்று: வெளிநாடுவாழ் இந்தியர்கள் இந்திய வங்கிகளில் தமக்குள்ள என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்குகளை அமெரிக்கா, கனடா, சிங்கப்பூர், ஆஸ்திரேலியா, பிரிட்டன் ஆகியவற்றின் கைபேசி எண்ணோடும் வளைகுடா நாடுகள் சிலவற்றின் கைபேசி எண்ணோடும் யுபிஐயில் இணைக்கலாம். துபாயில் இருக்கும் கூடலூர்க்காரர் உங்கள் படுகப் பாட்டுப் பக்கத்துக்கு நேராக ரூபாயிலேயே கட்டிவிடலாம். டாலரும் வேண்டாம், தளத்தின் பங்கும் வேண்டாம்.

வரி?

வெளிநாட்டுச் சந்தாவும் வருமானம்தான், கணக்கில் காட்டுங்கள். ஆண்டு வரவு ரூ.20 லட்சத்துக்குள் இருந்தால் பொதுவாக ஜிஎஸ்டி பதிவு வேண்டியதில்லை. அதற்கு மேல் போனால் ஏற்றுமதிச் சேவைக்கு வரி இல்லாமல் இருக்க ஆண்டுதோறும் உறுதிமொழிப் படிவம் தர வேண்டும். நீங்கள் அமெரிக்கர் அல்ல என்று வரிக்காக அறிவிக்க அமெரிக்கத் தளங்கள் கேட்கும் டபிள்யூ-8பென் படிவத்தை நிரப்புங்கள். நிரப்பாவிட்டால் யூடியூப் போன்றவை கூடுதலாகப் பிடிக்கும். நிரப்பினால் அமெரிக்கப் பார்வையாளர்களால் வரும் பகுதிக்கு மட்டும் 15 சதவீதம்.

வங்கி காரணமில்லாமல் பணத்தை நிறுத்தி வைத்தால் எங்கே போவது?

கிளையில் வாய்மொழியாகக் கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். ஒரு கிளையில் "மேலிடம் நிறுத்தியிருக்கிறது" என்ற ஒற்றை வரியோடு ஒரு தையல் ஆசிரியையைப் பல வாரம் அலையவிட்டார்கள். எழுத்தில் புகார் கொடுத்து எண் வாங்கிய பிறகே பதில் வந்தது. கேட்டது நோக்கக் குறியீட்டுக்கான ஒரு சான்று மட்டும்தான். புகாரோடு பண வரவுச் சான்று, தளத்தின் பணம் அனுப்பிய பதிவு, நீங்கள் என்ன விற்கிறீர்கள் என்பதைக் காட்டும் பக்கத்தின் அச்சு ஆகியவற்றை வையுங்கள். 30 நாளில் பதில் இல்லை என்றாலோ பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையத்திலேயே புகார் தரலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். விவரம் கேட்க 14448, தமிழிலும் பேசலாம். புகார் எண்ணையும் தேதியையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த கடிதத்தில் அவற்றைக் கேட்பார்கள்.